மணலுக்குள் வெள்ளீயம்

கேள்வி: மலேசியாவின் கிந்தா பள்ளத்தாக்கில் மணலிலிருந்து வெள்ளீயத்தை எவ்வாறு பிரித்தெடுத்தார்கள்?

பதில்: எடைதான் சூட்சுமம். கிரானைட் மலைகள் சிதைந்து அடித்துவரப்பட்ட வண்டலில் கலந்திருக்கும் காசிட்டரைட் என்னும் வெள்ளீயத் தாது, நீரைவிட ஏறத்தாழ 7 மடங்கு அடர்த்தியுடையது. சாதாரண மணலின் அடர்த்தியோ 2.65 மடங்குதான். ஆகவே, நீரைப் பீய்ச்சிக் கரைத்த சேற்றை, குறுக்குச் சட்டங்கள் பொருத்திய நீண்ட மரவாய்க்காலில் ஓடவிட்டபோது, மணல் அடித்துச் செல்லப்பட, கருநிறத் தாது சட்டங்களுக்குப் பின்னால் படிந்தது. 'டூலாங்' எனப்படும் மரத்தட்டைச் சுழற்றிப் பெண்கள் ஆறுகளில் அரித்ததும் இதே முறையில்தான். அரிசி களையும்போது கல் அடியில் தங்குவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பின்னர் அத்தாதுவைக் கரியுடன் சேர்த்து உலையிலிட்டால், தாதுவிலுள்ள ஆக்சிஜனைக் கரி கவர்ந்துகொள்ள, உலோகம் உருகிப் பிரியும்.