பூமியை மையமாக வைத்த ஜோதிடக் கணக்கை இன்றைய இயற்பியல் ஏற்குமா?

கேள்வி இதுதான்: சூரியன் நடுவில் இருக்கிறது என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம்; அப்புறம் ஏன் ஜாதகத்தில் சூரியனையும் ஒரு கிரகமாக்கிப் பூமியைச் சுற்ற விடுகிறார்கள்? இந்தப் பார்வைக்கும் சார்பியல், குவாண்டம் இயற்பியலுக்கும் தொடர்பு இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

பூமியை மையமாக வைத்த கணக்கில் குறை ஒன்றும் இல்லை. இயற்பியல் அதை ஏற்கிறது, தினமும் பயன்படுத்தவும் செய்கிறது. ஆனால் அந்த ஏற்பு கணக்கோடு நின்றுவிடும். பலனுக்கு அது சாட்சி சொல்லாது. நான் படித்தது இயற்பியல், இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தில். பூமியின் தென்பாதியில் உட்கார்ந்து பஞ்சாங்கம் பார்க்கிறவனுக்கு ‘எங்கிருந்து பார்க்கிறோம்’ என்பது தினசரிப் பிரச்சினை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், பூமியை நடுவில் வைத்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்ற எண்ணத்தை விட்டுவிடுவோம். கி.பி. 499-இல் எழுதிய ஆரியபடீயத்தில் ஆரியபடர் பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று சொல்லிவிட்டார். படகில் முன்னோக்கிப் போகிறவனுக்குக் கரையில் நிற்கும் பொருள்கள் பின்னோக்கிப் போவதாகத் தெரிவதுபோல, நிலையான நட்சத்திரங்கள் மேற்கே போவதாக நமக்குத் தெரிகிறது என்பது அவர் தந்த விளக்கம். அப்படிச் சொன்னவரே கிரக நிலைகளைப் பூமியிலிருந்து தெரிகிறபடிதான் கணக்கிட்டார். வானத்தைப் பார்ப்பவன் பூமியில் நிற்கிறான், அவனுக்குத் தேவை அவன் கண்ணுக்குத் தெரியும் திசை, அவ்வளவுதான். கேரளத்து நீலகண்ட சோமயாஜி 1500-ஐ ஒட்டி எழுதிய தந்திரசங்கிரகம் இன்னும் ஒரு படி மேலே போனது. அவருடைய அமைப்பில் ஐந்து கிரகங்களும் சூரியனைச் சுற்றுகின்றன, சூரியன் பூமியைச் சுற்றுகிறது. ஐரோப்பாவில் டைக்கோ பிராகே இதே மாதிரி ஓர் அமைப்பை 1588-இல் வெளியிட்டார்.

நம் வீட்டு ஜாதகக் கட்டத்தையே எடுத்துப் பாருங்கள். எந்த ஜாதகமானாலும் புதன் சூரியன் இருக்கும் ராசியில் இருக்கும், இல்லையென்றால் அதற்கு முன்னோ பின்னோ உள்ள ராசியில் இருக்கும், அதைத் தாண்டாது. சுக்கிரன் இரண்டு ராசிக்கு மேல் விலகாது. புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேலும், சுக்கிரன் 47 பாகைக்கு மேலும் விலகித் தோன்றுவதில்லை, காரணம் இரண்டும் பூமிக்கு உட்புறமாகச் சூரியனைச் சுற்றுகின்றன. வக்கிரமும், அதாவது கிரகம் பின்னோக்கிப் போவதாகத் தெரிவதும், அப்படித்தான். குருவும் சனியும் வக்கிரமாக வேண்டுமானால் சூரியன் அவற்றுக்கு 5 முதல் 9 வரையான இடங்களில் இருக்க வேண்டும் என்று ஜோதிடர்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். 2025 பொங்கலன்று சூரியன் மகரத்தில், செவ்வாய் நேர் ஏழாமிடமான கடகத்தில் வக்கிரமாக இருந்தது. வெளிவட்டத்தில் மெதுவாகப் போகும் கிரகத்தைப் பூமி உள்வட்டத்தில் முந்திக்கொண்டு போகும் நாட்கள் அவை. பூமியை மையமாக வைத்து எழுதிய கட்டத்துக்குள் சூரியமையக் குடும்பம் முழுசாக உட்கார்ந்திருக்கிறது, படிக்கத் தெரிந்தால் போதும்.

இன்றைய இயற்பியல் என்ன சொல்கிறது? ஐன்ஸ்டைன் 1915-இல் முடித்த பொதுச் சார்பியலில், இயற்கை விதிகளை எந்த இடத்தை மூலமாக வைத்தும் எழுதலாம்; பூமியை மூலமாக வைப்பதற்குத் தடை இல்லை. உங்கள் கைப்பேசியில் வழி காட்டும் ஜிபிஎஸ், பூமியின் நடுப்புள்ளியை மூலமாக வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. அந்தச் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் நாளுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடும் என்று சார்பியல் சொல்கிறது, அதன்படி திருத்துகிறார்கள். சூரியனும் அசையாத மையமில்லை. குரு போன்ற பெரிய கிரகங்கள் இழுப்பதால் சூரியக் குடும்பத்தின் நிறை மையம் சில காலம் சூரியனின் மேற்பரப்புக்கு வெளியேகூடப் போய்விடும். இன்றைக்குத் திருக்கணித முறையில், அதாவது இன்றைய வானியல் அளவுகளை வைத்து, ஜாதகம் போடும் பல மென்பொருள்கள் சுவிஸ் எஃபிமெரிஸ் என்ற அட்டவணையை நம்பியிருக்கின்றன. அது நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் சார்பியல் சமன்பாடுகளோடு கணக்கிட்ட தரவிலிருந்து வருகிறது. முதலில் நிறை மையத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள், பிறகு பூமிக்கு மாற்றுகிறார்கள்.

இதை வைத்து ‘பூமி சுற்றுகிறது, சூரியன் சுற்றுகிறது, இரண்டும் ஒன்றுதான், ஐன்ஸ்டைனே சொல்லிவிட்டார்’ என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். எந்த மூலத்திலிருந்தும் அளக்கலாம் என்பது வேறு, பூமி நகரவில்லை என்பது வேறு. 1851-இல் ஃபூக்கோவின் ஊசல் பூமியின் சுழற்சியைக் கண்முன் காட்டியது. பூமி சூரியனைச் சுற்றுவதற்கான மிக நேரடியான சான்றுகளில் ஒன்று நான் வாழும் இந்த நாட்டிலேயே கிடைத்தது. கேப் டவுன் வான்காட்சியகத்தில் தாமஸ் ஹென்டர்சன் 1832, 1833-ஆம் ஆண்டுகளில் ஆல்ஃபா சென்டாரி நட்சத்திரத்தை அளந்தார். பூமி தன் பாதையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும்போது அந்த நட்சத்திரம் மிகச் சிறிதாக இடம் மாறித் தெரிந்தது. இன்றைய அளவில் அந்த இடமாறு கோணம் ஒரு விகலைகூட (பாகையில் 3600-இல் ஒரு பங்கு) இல்லை, முக்கால் விகலைதான். அவர் முடிவை வெளியிட 1839 ஆகிவிட்டது. அதற்குள் 1838-இல் பெசல் வேறொரு நட்சத்திரத்துக்கு இதே அளவை வெளியிட்டு முந்திக்கொண்டார்.

ஜாதகத்துக்கும் சார்பியலுக்கும் நான் மனசார ஒப்புக்கொள்ளும் உறவு ஒன்று உண்டு. சார்பியலில் அடிப்படைப் பொருள் ‘நிகழ்வு’, அதாவது ஓர் இடமும் ஒரு நேரமும் சேர்ந்தது. ஜாதகம் போடக் கேட்பதும் அதுவே: அட்சரேகை, தீர்க்கரேகை, பிறந்த நேரம். அந்தப் புள்ளிக்கு அந்தக் கணத்தில் வந்து சேரும் ஒளியின் படம்தான் கட்டத்தில் இருக்கிறது. சனியிலிருந்து ஒளி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாம் குறிப்பது அது இருந்த இடத்தை, இருக்கும் இடத்தை இல்லை. ‘இந்தக் கணத்தில் வானம் முழுவதும் எப்படி இருக்கிறது’ என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே விடை கிடையாது என்று சார்பியல் சொல்கிறது. பார்ப்பவரை வைத்தே கணக்கைத் தொடங்குவது அந்த வகையில் பழுதில்லாத முறை.

சரி, பார்ப்பவர்தான் மையம் என்றால் அதை முழுதாகக் கடைப்பிடிக்க வேண்டும். இங்கேதான் டர்பன் வருகிறது. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்களும் பின்னால் வேலைக்கு வந்த எங்களைப் போன்றவர்களும் இன்றும் பஞ்சாங்கம் பார்த்துத்தான் காவடியும் புரட்டாசி விரதமும் வைக்கிறோம். ஆனால் எங்கள் வானம் வேறு. ராசிகள் எங்களுக்கு வடக்கு வானில் போகின்றன. வடக்கே பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் உதித்து இடக்கைப் பக்கம் மறையும். தமிழ்நாட்டில் தெற்கு வானில் சாய்ந்து தெரியும் கேட்டை நட்சத்திரம், ஜூலை நடுவில் இரவு 9 மணிக்கு இங்கே ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும்.

லக்கினம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் உதிக்கும் ராசி, இன்னும் முக்கியம். மேஷ ராசி உதித்து முடிய தமிழ்நாட்டில் சுமார் 1 மணி 50 நிமிடம் ஆகும். டர்பனில் 2 மணி 20 நிமிடம். துலாம் அங்கே இரண்டு மணிக்குச் சற்று மேல், இங்கே ஒன்றரை மணியை ஒட்டி முடிந்துவிடும். தமிழ்நாட்டு ராசிமானத்தை (ராசிகள் உதிக்கும் நேர அளவை) அப்படியே வைத்து இங்கே பிறந்த குழந்தைக்கு லக்கினம் சொன்னால் தவறும். நண்பர் ஒருவரின் மகள் டிசம்பர் 20-ஆம் தேதி காலை 6 மணிக்கு இங்கே பிறந்தாள். ஊரில் இருந்து உறவினர் ஒருவர் போட்டு அனுப்பிய ஜாதகத்தில் விருச்சிக லக்கினம், இரண்டாமிடமான தனுசில் சூரியன். அட்சரேகை 29 பாகை 51 கலை என்பது சரி. ஆனால் ‘தெற்கு’ என்பதற்குப் பதில் ‘வடக்கு’ பதிவாகியிருந்தது. டர்பனில் அன்றைக்குச் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே உதித்துவிடும். குழந்தை பிறந்தபோது நல்ல வெளிச்சம், ஜாதகமோ சூரியன் இன்னும் உதிக்கவில்லை என்கிறது! தெற்கு என்று மாற்றிப் போட்டதும் தனுசு லக்கினம், லக்கினத்திலேயே சூரியன் என்று வந்தது. ஒரே ஓர் எழுத்து, லக்கினமே மாறிவிட்டது. வெளிநாட்டில், அதுவும் தென்பாதியில் இருப்பவர்கள் தங்கள் ஜாதகத்தை ஒருமுறை இப்படிச் சரிபார்க்க வேண்டும். பகலில் பிறந்தவரா, சூரியன் ஏழாமிடத்துக்கும் லக்கினத்துக்கும் இடையே அடிவானத்துக்கு மேற்பாதியில் இருக்கிறதா என்று பார்த்தாலே பெரிய தவறுகள் வெளிப்பட்டுவிடும்.

கணக்கைத் திருத்திவிடலாம். காரணம் சொல்வதுதான் கடினம். எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் பேரனைக் கூட்டிவரும் பாட்டி ஒருவர் ஒருநாள் கேட்டார்: “தம்பி, சித்திரை பொறந்தா இங்க வெயில் எறங்கிப்போகுது. அப்ப சூரியன் மேஷத்துல எப்படிப்பா உச்சமாகும்?” இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. சூரியன் மேஷத்தில் உச்சம் (முழு பலம்), ஏனென்றால் அப்போது வெயில் வலுக்கிறது என்று பலரும் விளக்கம் சொல்கிறார்கள். டர்பனில் அது இலையுதிர்காலம். நீசம் (பலம் குறைவு) என்கிற ஐப்பசியில் எங்களுக்கு வெயில் ஏறிக்கொண்டிருக்கும். உத்தராயணத்திலும் அதே சிக்கல். தை பிறந்தால் உங்களுக்குப் பகல் வளரும், எங்களுக்குத் தேயும். அப்படியென்றால் உச்சமும் அயனமும் வெப்பத்தால் வருகின்றன என்ற விளக்கம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மட்டும் செல்லும். பாட்டியிடம் அதைத்தான் சொன்னேன்: “பாட்டி, வெயிலை வச்சுச் சொல்ற காரணம் இங்க நிக்காது. சாஸ்திரம் வகுத்த இடம்னு வேணா ஏத்துக்கலாம்.” அவர் தலையாட்டினார், ஆனால் திருப்தியாகவில்லை. திருப்தியாகாதது நியாயம் என்றே நினைக்கிறேன்.

ஈர்ப்பு விசையைக் காரணம் காட்டுகிறவர்களும் இதே இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். நிலவு கடலை ஏற்றி இறக்குகிறது, உடம்பிலும் தண்ணீர் இருக்கிறது, ஆகவே கிரகங்களும் நம்மை இழுக்கின்றன என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், சுக்கிரன் பூமிக்கு மிக அருகில் வரும்போதுகூட அதன் ஓத விசை (கடலை ஏற்றி இறக்கும் இழுப்பு) நிலவினுடையதில் சுமார் 20,000-இல் ஒரு பங்கு. குருவினுடையது சுமார் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. அப்புறம் ராகு, கேது? நிலவின் பாதையும் சூரியனின் தோற்றப் பாதையும் வெட்டும் இரண்டு புள்ளிகள் அவை. எடை கிடையாது, ஒளி கிடையாது. ராகுவின் ஆட்சிக் காலமாக ஜோதிடம் சொல்லும் 18 ஆண்டு ராகு தசையை ஈர்ப்பால் விளக்கவே முடியாது. ஜோதிடத்தைக் காப்பாற்ற ஈர்ப்பைக் கொண்டுவருகிறவர் ராகுவையும் கேதுவையும் முதலில் வெளியே தள்ள வேண்டியிருக்கும்.

குவாண்டம் பின்னல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பின்னிய இரு துகள்களை அளந்தால் முடிவுகள் ஒத்துப்போகும். ஆனால் அதை வைத்து ஒரு சேதியைக்கூட அனுப்ப முடியாது. சனிக்கும் நம் வேலைக்கும் நடுவே அது பாலமாகாது. பலனை நேரடியாகவே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். வானியலாளர் ஜயந்த் நார்லிகரும் மற்றவர்களும் மகாராஷ்டிரத்தில் நடத்திய சோதனையில், படிப்பில் சிறந்த குழந்தைகளின் ஜாதகத்தையும் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் ஜாதகத்தையும் கலந்து, ஜோதிடர்கள் 27 பேரிடம் ஆளுக்கு 40 கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். சரியாகச் சொன்னது 46 சதவீதம், நாணயம் சுண்டினால் கிடைக்கும் அளவு. முடிவு 2009-இல் வெளியானது. பலன் பார்ப்பது ஒருவருக்கு ஆறுதல் தரலாம், குடும்ப வழக்கமாக இருக்கலாம், அதில் நான் தலையிடுவதில்லை. ஆனால் அதற்கு இயற்பியலின் முத்திரை குத்தாதீர்கள். இரண்டுக்கும் அது கெடுதல்.

எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்தக் கணக்குதான். பழைய முறையில் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தில் நிலவுக்கு, நாளுக்கு ஒன்றாக, 248 வாக்கியங்கள் உண்டு. நிலவு பூமிக்கு அருகே வந்து திரும்பவும் அருகே வர 27.55 நாள், ஒன்பது சுற்றுக்கு 248 நாள். இதைச் செய்யுளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள்! வாக்கியமும் திருக்கணிதமும் இன்று ஒத்துப்போகவில்லை. 2023 சனிப்பெயர்ச்சி ஒன்றில் ஜனவரி 17, இன்னொன்றில் டிசம்பர் 20. இதில் எது சரி என்று கேட்டால் சனி வானத்தில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள் என்பேன். அளவு திருக்கணிதத்தோடு ஒத்துப்போகும். திருத்தம் செய்துகொண்டே வந்ததால்தான் நம் வானியல் உயிரோடு இருந்தது.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு சேதி. 2030 நவம்பர் 25 அன்று முழுச் சூரிய கிரகணம் டர்பன் வழியாகப் போகிறது. விருச்சிகத்தில், அனுஷ நட்சத்திரத்தில், சூரியனும் சந்திரனும் ராகுவோடு சேரும் அமாவாசை. அது எந்த ஊரில் முழுதாகத் தெரியும், எந்த ஊரில் பாதியாகத் தெரியும் என்பதைக் கணக்கிட நம் சித்தாந்த நூல்களில் லம்பனம் என்ற முறை உண்டு. பார்ப்பவர் பூமியின் நடுவில் இல்லாமல் மேற்பரப்பில் நிற்பதற்கான திருத்தம் அது. எங்கள் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். யாராவது கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பினால் கீழே கேளுங்கள், டர்பனுக்கான எண்களோடு படிப்படியாக எழுதுகிறேன்.