குகை வாசலில் நின்று பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரத்தினபுரிப் பக்கம் மனைவியின் ஊரில் வௌவால் குகை ஒன்று இருக்கிறது. வவுல்பனே குகையைப் போல இதையும் ஆட்களுக்குக் காட்டிச் சம்பாதிக்கலாம் என்கிறார்கள் இளைஞர்கள். பெரியவர்களோ நோய் வரும், ரம்புட்டானும் மிஞ்சாது, புகை போட்டு விரட்டுங்கள் என்கிறார்கள். எது சரி?

வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

காட்டிச் சம்பாதிக்கட்டும். ஆனால் குகைக்குள் யாரையும் விட வேண்டாம்.

வௌவால் ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும். குட்டி கனத்த பிறகு அதைக் குகைக் கூரையில் தொங்கவிட்டுத் தாய் இரைக்குப் போகும். அந்த நாட்களில் டோர்ச் வெளிச்சமும் கைதட்டலும் உள்ளே வந்தால் கூட்டம் ஒரேயடியாகக் கிளம்பும். பிடி தவறிய குட்டிகள் கீழே எச்சக் குவியலில் விழும். பறக்கத் தெரியாத அவற்றைக் கரப்பானும் வண்டும் மொய்த்துவிடும். இப்படிச் சில தடவை நடந்தாலே கூட்டம் குகையை விட்டுப் போய்விடும், பிறகு காட்ட என்ன இருக்கும்?

பிலிப்பைன்சின் சமால் தீவில் மொன்போர்ட் குகை இருக்கிறது. சுமார் 18 லட்சம் பழந்தின்னி வௌவால்கள், 2010இல் கின்னஸில் பதிவானது. வருபவர்கள் கட்டணம் கட்டி, குகைத் திறப்புகளைச் சுற்றிய மூங்கில் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள்.

உங்கள் ஊருக்கு, வௌவால்கள் வெளியே கிளம்பும் அந்திநேரம் பொருந்தும். பறக்கும் பாதையை விட்டுப் பக்கவாட்டில் சில வாங்குகள், மங்கலான சிவப்பு வெளிச்சம், ஃப்ளாஷ் கிடையாது. வாசலைப் பார்த்து மின்விளக்கு மாட்டவே கூடாது: வௌவால்கள் பிந்திக் கிளம்பும், அந்தியில் பூச்சி மலிந்திருக்கும் நேரம் தவறிவிடும். கேற் போடலாமே என்று யாராவது கேட்பார்கள். சிறிய பூச்சித்தின்னிகளுக்கென்றால் கிடைக்கம்பிகளுக்கிடையே 146 மில்லிமீற்றர் இடைவெளி விட்டுப் போடுவதுண்டு. பெரிய கூட்டத்துக்கும் பழந்தின்னிகளுக்கும் அதுவும் ஆகாது, வாசலிலிருந்து தள்ளி வேலிதான். முட்கம்பி வேண்டவே வேண்டாம், இறக்கை கிழிந்து தொங்கிச் சாகும்.

பெரியவர்களின் பயம் வீண் பயமல்ல. உகண்டாவின் பைத்தன் குகைக்குள் போய்வந்த நெதர்லாந்துப் பெண் ஒருவர் 2008இல், வௌவாலிடமிருந்து தொற்றும் மார்பர்க் வைரஸ் காய்ச்சலில் இறந்தார். அதன்பின் அங்கே தள்ளி நின்று பார்க்க மேடை கட்டினார்கள். புகை போட்டால் வௌவால்கள் வீட்டுக் கூரைகளுக்கு வரக்கூடும், அப்படி வந்தால் நோய்ப் பயம் அங்கே கூடும். எச்சத்தைக் கிளறினால் தூசியோடு பூஞ்சணம் நுரையீரலுக்குப் போகலாம். யாரையாவது கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு விசர்நோய்த் தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

ரம்புட்டானுக்கு வருவது அந்தக் குகை வௌவால்தான் என்று எப்படிச் சொல்வது? குகைகளில் இருப்பவற்றில் பல பூச்சி மட்டுமே தின்பவை. கொழும்பில் விகாரமகாதேவி பூங்கா மரங்களில் தொங்குகிறதே, அந்தப் பெரிய வௌவால் பழந்தின்னி, ஆனால் மரத்தில் வாழ்வது. குகையை அடைத்தாலும் அது வரும். பழத்தைக் காப்பது வலைதான்: வெள்ளை நிறம், விரல் நுழையாத 5 மில்லிமீற்றர் கண், தொய்வில்லாமல் இழுத்துக் கட்டியது. கண் பெரிய வலை தொய்ந்து கிடந்தால் வௌவாலும் பறவையும் சிக்கிச் சாகும்.

தொடங்குமுன் வனஜீவராசிகள் திணைக்களத்தில் கேட்டு, எந்த இனம், எந்த மாதங்களில் குட்டி போடுகிறது என்று அறியச் சொல்லுங்கள். முதல் கட்டணப் பணத்தில் ரம்புட்டான் மரக்காரர்களுக்கு வலை வாங்கிக் கொடுக்கட்டும்.