கன்னத்தில் அறை, அப்புறம் யோகா வகுப்பு

வணக்கம் சார்,

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். ஊரும் பெயரும் வேண்டாம். போன மாதம் நைட் டியூட்டியில் மாரடைப்போடு ஒரு பெரியவரைக் கேஷுவாலிட்டிக்குக் கொண்டுவந்தார்கள். காப்பாற்ற முடியவில்லை. டியூட்டி டாக்டரை ஐசியுவில் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே நின்றவர்களிடம் நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. அவருடைய மகன் என்னைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். "பணம் கட்டினாத்தான் பாப்பீங்களா" என்று கத்தினார். கவுன்ட்டரில் அட்வான்ஸ் கேட்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மறுநாள் மேனேஜ்மென்ட்டில், "துக்கத்துல பண்ணிட்டாங்கம்மா, போலீஸெல்லாம் வேண்டாம், ஆஸ்பத்திரி பேர் கெட்டுடும்" என்றார்கள். அடுத்த வாரம் எங்களுக்கு மன அழுத்தம் குறைய என்று யோகா வகுப்பு வைத்தார்கள். இப்போது ஸ்ட்ரெச்சர் சக்கரச் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறது. கேனுலா (டிரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய்) போட வெயின் பிடிபடுவதில்லை. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா? விட்டுவிடலாமா சார்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

அறை வாங்கிய அதே வாசலில் மறுபடியும் நைட் டியூட்டிக்கு நிறுத்தினால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். அதற்கும் லாயக்குக்கும் சம்பந்தமில்லை.

யோகாவைக் குறை சொல்லவில்லை. நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை செய்பவர்களின் இடுப்புக்கு அது நல்லதுதான். ஆனால் இந்தச் சமயத்தில் அந்த வகுப்பை வைத்தால் கோளாறு உங்களிடம்தான் என்று சொன்னதாக ஆகிறது. நீங்கள் எழுதியதையே திரும்பப் படித்துப் பாருங்கள். உயிருக்குப் போராடுபவரின் வீட்டாரிடம் அட்வான்ஸ் கேட்கச் சொன்னவர் ஒருவர். இரவில் கேஷுவாலிட்டிக்கும் ஐசியுவுக்கும் சேர்த்து ஒரே டாக்டர் போதும் என்று கணக்குப் போட்டவர் இன்னொருவர். அந்த நேரத்தில் இரண்டு பேருமே வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது நீங்கள்.

சாவுச் செய்தியை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நெருங்கிய உறவினர் ஓரிருவரைத் தனியறையில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். கூட இன்னொரு ஊழியர் இருக்க வேண்டும், சொல்பவர் கதவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு தனியறையும் கொஞ்சம் ஒழுங்கும் இருந்தால் போதும். யோகா மாஸ்டருக்குக் கொடுத்த பணத்தைவிடக் குறைவாகவே ஆகியிருக்கும்.

சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2008-லேயே இதற்குத் தனிச்சட்டம் வந்துவிட்டது. மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையையும் மருத்துவமனைச் சொத்துகளுக்குச் செய்யும் சேதத்தையும் தடுப்பதற்கான சட்டம் அது. டாக்டர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நர்ஸுகளுக்கும் உண்டு, நர்ஸிங் மாணவிகளுக்கும் உண்டு, தனியார் மருத்துவமனைகளுக்கும் பொருந்தும். ஸ்டேஷனிலேயே ஜாமீனில் விட்டுவிட முடியாத குற்றம், 3 முதல் 10 ஆண்டு வரை சிறை. புகார் கொடுக்க மேனேஜ்மென்ட்டின் அனுமதி தேவையே இல்லை. நீங்களே கொடுக்கலாம். ஆனால் மனுவில் இந்தச் சட்டத்தின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். இல்லாவிட்டால் கைகலப்பு என்று ஒரு சி.எஸ்.ஆர். (வழக்குப் பதியாமல், புகாரைப் பெற்றதற்குத் தரும் ரசீது) போட்டுக் கையில் கொடுத்து, "பேசி முடிச்சுக்குங்க" என்று அனுப்பிவிட வாய்ப்புண்டு. கேஷுவாலிட்டி வாசலில் கேமரா இருந்தால் முதல் வேலையாக அந்தப் பதிவைக் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுங்கள். பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடும். ஏற்கனவே ஒரு மாதம் ஆகிவிட்டது.

தனியாளாக ஸ்டேஷனுக்குப் போவது சுலபமில்லை என்பதும் தெரிகிறது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, மத்திய அரசு தன் மருத்துவமனைகளுக்கு ஓர் உத்தரவு போட்டது. பணியில் இருக்கும் ஊழியர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனமே எஃப்.ஐ.ஆர். பதிவுசெய்ய வேண்டும், பொறுப்பு நிறுவனத் தலைவருடையது. அடி வாங்கியவரே மனுவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்பதுதான் இதிலுள்ள நல்ல விஷயம். உங்கள் மருத்துவமனையை இது கட்டுப்படுத்தாது. ஆனாலும் அச்செடுத்து நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட் மேசையில் வையுங்கள். கூட வேலை செய்யும் நாலைந்து பேராவது கையெழுத்துப் போட்டால் நல்லது.

அதே ஆண்டு நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் ஒரு புற்றுநோய் மருத்துவரை நோயாளியின் மகனே கத்தியால் குத்தினார். அதற்கு முந்தைய ஆண்டு கேரளத்தில் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில், போலீஸார் சிகிச்சைக்கு அழைத்துவந்த ஆள் ஓர் இளம் மருத்துவரைக் கொன்றார். இதெல்லாம் தலைப்புச் செய்தி. நர்ஸ் கன்னத்தில் விழும் அறை உள்ளூர்ப் பதிப்பில்கூட வராது. வராததால் அது நடக்கவே இல்லை என்று மேனேஜ்மென்ட் வசதியாக இருந்துவிடுகிறது.

கை நடுக்கத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நடுங்கும் கையோடு ஊசி பிடித்தால் ஆபத்து நோயாளிக்கு மட்டுமில்லை, ஊசி உங்கள் விரலிலேயே ஏறலாம். ரத்தம் பட்ட ஊசி வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசி மூன்று டோஸும் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு மாதமாகியும் அந்தச் சத்தம் ஆட்டிவைக்கிறதென்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் கூச்சமே வேண்டாம். மேனேஜ்மென்ட் அனுப்பி வைத்து அல்ல, நீங்களாகப் போங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ், 14416. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். கொஞ்ச நாளைக்குக் கேஷுவாலிட்டி வேண்டாம், வார்டுக்கு மாற்றுங்கள் என்றும் எழுதிக் கேளுங்கள். அது சலுகை இல்லை.

வேலையை விடுவதா என்பது உங்கள் வீட்டு நிலவரத்தைப் பொறுத்தது, நான் சொல்வதற்கில்லை. ஆனால் ராஜினாமாவோ புகாரோ கொடுப்பதற்கு முன்பு ஒன்று செய்யுங்கள். சேரும்போது மருத்துவமனையில் உங்கள் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்தால், பேங்க் லோன் என்றோ வேறு ஏதாவது சொல்லியோ முதலில் அவற்றைக் கையில் வாங்கிவிடுங்கள். புகாரை அதற்கடுத்த நாள் கொடுக்கலாம்.