சோற்றை நிறுத்த வேண்டாம், கரண்டியை மாற்றுங்கள்

உடல் எடை தொடர்பாக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு உணவியல் நிபுணரும் உடற்பயிற்சி வல்லுநரும் இணைந்து பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: எனக்கு 42 வயது, உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. சோற்றை அடியோடு விட்டுவிட்டு இரண்டு வேளையும் சப்பாத்தி சாப்பிட்டேன். பத்தே நாளில் மூன்று கிலோ குறைந்தது, அப்புறம் அசையவில்லை. உறவில் ஒரு கல்யாணம். நான்கு நாள் சோறு சாப்பிட்டதும் போன எடை முழுக்கத் திரும்பிவிட்டது. என் உடம்புக்கு அரிசியே ஆகாதா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: அரிசி மேல் பழி போடாதீர்கள். முதல் பத்து நாளில் போனதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் கல்லீரலிலும் தசைகளிலும் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் செலவாகிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். கிளைக்கோஜன் போனால் அந்த நீரும் போய்விடும். சோறு திரும்பியதும் இரண்டும் திரும்பின. போதாததற்குப் பந்திச் சாப்பாட்டின் உப்பும் நீரைச் சேர்த்துப் பிடித்தது. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. நான்கு நாள் விருந்தில் மூன்று கிலோ கொழுப்பு சேரவும் முடியாது, பத்து நாள் சப்பாத்தியில் அது கரையவும் முடியாது.

சப்பாத்தியின் கணக்கையும் பார்ப்போம். 30 கிராம் மாவில் தேய்த்த ஒன்றில் சுமார் 100 கலோரி. சுடும்போது ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் இன்னும் 40, 45. நான்கு சப்பாத்தியும் தேங்காய் அரைத்துவிட்ட குருமாவும் என்றால் 700 கலோரியைத் தொட்டுவிடும். வடித்த சோறு 150 கிராமில் 200 கலோரிதான். சப்பாத்தி நல்ல உணவுதான், ஆனால் எண்ணிக்கை இல்லாமல் சாப்பிட்டால் அதுவும் எடை போடும்.

இனி செய்ய வேண்டியது. முதல் மூன்று நாள் எதையும் மாற்றாமல், வாயில் போவதை எல்லாம் எழுதுங்கள். சமைக்கும்போது ருசி பார்த்தது, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தது, நான்கு மணிக் காப்பியோடு வந்த முறுக்கு எல்லாமே இதில் அடக்கம். பல வீடுகளில் விஷயம் இந்தப் பட்டியலிலேயே வெளிப்பட்டுவிடும்.

நான்காம் நாள் முதல் சோற்றைக் கரண்டியில் அள்ளிப் போடாமல் 200 மில்லி எவர்சில்வர் டம்ளரில் தலைதட்டி அளந்து போடுங்கள். அது சுமார் 150 கிராம் வரும். மதியத்துக்கு அது ஒன்று போதும். தட்டில் பாதி இடம் பொரியல், கூட்டு, கீரைக்கு. உருளைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் சோற்றுக் கணக்கில்தான் சேரும், காய்க் கணக்கில் சேராது. மீதிக் கால் பகுதியில் கெட்டியான பருப்பு, முட்டை, மீன், சுண்டல் இவற்றில் ஒன்று. சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். நான்கு பேருக்கு ஒரு கைப்பிடி துவரம்பருப்பு போட்ட சாம்பாரில் ஆளுக்கு வரும் புரதம் மிகக் குறைவு. உங்களுக்கு நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம், 50 கிராம் பருப்பை வேகவைத்தால் 11, 50 கிராம் கொண்டைக்கடலையில் 10, 300 மில்லி பாலிலோ தயிரிலோ 9. மிச்சத்தைத் தானியங்கள் தந்துவிடும். முட்டை சாப்பிடாதவர்கள் சுண்டலையும் பனீரையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மறுசோறு கேட்கத் தோன்றினால் முதலில் பொரியலை இன்னொரு முறை போட்டுக்கொண்டு பத்து நிமிடம் பொறுங்கள்.

அடுத்தது எண்ணெய். இதை யாரும் அளப்பதில்லை, ஆனால் பலன் அதிகம் தருவது இதுதான். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வையுங்கள்; நால்வர் வீட்டுக்கு 2 லிட்டர். நெய்யும் இந்தக் கணக்குக்குள்தான். மாத ஆரம்பத்தில் அந்த அளவைத் தனி டப்பாவில் ஊற்றிவையுங்கள்; தீர்ந்தால் அடுத்த மாதம்தான். தாளிக்கத் தேக்கரண்டிதான் எடுக்க வேண்டும், பாத்திரத்தைச் சாய்த்து ஊற்றக் கூடாது. இதுவரை ஆளுக்கு ஒரு லிட்டர் செலவாகிக்கொண்டிருந்தால், பாதியாகக் குறைத்ததில் மட்டும் மாதம் 4,000 கலோரிக்கு மேல் மிச்சம். கொழுப்புக் கணக்கில் அது அரை கிலோ. முதல் வாரம் பொரியல் அடிபிடிக்கும். காயைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்துக் கடைசியில் தாளித்துக் கொட்டினால் பிடிக்காது.

நான்கு மாதத்தில் 70 கிலோவுக்கு வந்தால் போதும், அதற்கு மேல் அவசரம் வேண்டாம். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைத்தால் தசை கரையும், பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பும் கூடும். இடுப்புச் சுற்றளவையும் அளந்து எழுதிவையுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை.

கேள்வி: காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் கொழுப்பு கரையுமா?
— வாசகர், அரக்கோணம்

பதில்: கரையாது. ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரி இருக்கிறது. வெந்நீரை மட்டும் குடியுங்கள்.

கேள்வி: அரிசிக்குப் பதில் சாமை, வரகு, கம்புக்கு மாறிவிட்டோம். இரண்டு மாதமாகியும் எடை இறங்கவில்லையே?
— வாசகி, தருமபுரி

பதில்: கம்போ அரிசியோ, சமைக்காத 100 கிராமில் கிட்டத்தட்ட 350 கலோரி. சிறுதானியத்தில் நார்ச்சத்து அதிகம், பசி சற்றுத் தாமதமாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம். "இது உடம்புக்கு நல்லது" என்ற நினைப்பில் ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் அந்த ஆதாயமும் போய்விடும். அதே டம்ளர் அளவு இதற்கும் பொருந்தும். மாவாக அரைத்துக் கூழாகக் குடிப்பதைவிட முழுத் தானியமாக வேகவைத்து மென்று சாப்பிடுவது வயிற்றில் நிற்கும். பாக்கெட்டில் வரும் சிறுதானிய பிஸ்கட், நூடுல்ஸ் வாங்கினால் பின்பக்கத்தைப் படியுங்கள். பலவற்றில் முதல் இரண்டு பொருள்களுக்குள் மைதாவோ சர்க்கரையோ இருக்கும்.

கேள்வி: வயது 51, எடை 82 கிலோ. ஆறு மாதமாகத் தினமும் காலையில் 45 நிமிடம் நடக்கிறேன். நண்பர்களோடு டீ குடித்துவிட்டுத்தான் வீடு திரும்புவேன். எடை அரை கிலோகூடக் குறையவில்லை. முழங்காலும் லேசாக வலிக்கிறது. ஜிம்முக்குப் போகத்தான் வேண்டுமா?
— வாசகர், திருச்சி

பதில்: டீயோடு வடையும் உண்டு என்று ஊகிக்கிறோம். உங்கள் எடையில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் 45 நிமிடம் நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது சுமார் 150 கலோரி. இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட பால் டீயும் ஓர் உளுந்து வடையும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். நடையை விடாதீர்கள், நண்பர்களையும் விடாதீர்கள், டீயைச் சர்க்கரை இல்லாமல் சொல்லுங்கள், வடையை வாரம் ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எடை இறங்குவது முக்கியமாகச் சாப்பாட்டில். இறங்கிய எடையைத் திரும்பவிடாமல் காப்பதில் நடைக்குப் பெரும் பங்கு.

நடையின் வேகத்தை ஒரு சோதனையில் தெரிந்துகொள்ளலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் இப்படி நடக்கச் சொல்கிறது. உங்களுடையது 315, நேரத்தில் குறையே இல்லை. அதே நிறுவனம் சொல்லும் இன்னொன்றைத்தான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள்: வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. அதற்கு ஜிம் தேவையில்லை.

கை வைக்காத கெட்டியான நாற்காலியைச் சுவரில் சாய்த்துப் போடுங்கள். உட்காரும் இடம் முழங்கால் உயரத்துக்குக் குறையக் கூடாது. தாழ்வாக இருந்தால் தலையணை போட்டு உயர்த்துங்கள். பாதங்களை இடுப்பு அகலத்தில் ஊன்றி, கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழுந்தால் பயிற்சியில் பாதி போச்சு. முழங்கால்கள் உள்பக்கம் சாயாமல் கால்விரல்களின் நேரே இருக்க வேண்டும். வலி வருவதற்குப் பெரும்பாலும் இந்தச் சாய்வுதான் காரணம். 8 முறை, ஒரு நிமிட ஓய்வு, இப்படி மூன்று சுற்று.

அடுத்தது சுவரிலிருந்து கை நீளத்தில் நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் ஊன்றி, உடம்பு பலகைபோல் நேராக இருக்க முன்சாய்ந்து தள்ளுவது. பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை இரு கையிலும் பிடித்து, இடுப்பிலிருந்து சற்றுக் குனிந்து முழங்கைகளைப் பின்னால் இழுப்பது. கடைசியாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. இவையும் அதே எண்ணிக்கைதான். மூச்சை அடக்கக் கூடாது. எழும்போதும் தள்ளும்போதும் வெளியே விடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். இரு நாள்களுக்கும் நடுவே குறைந்தது ஒரு நாள் இடைவெளி வேண்டும். 12 முறை எளிதாக வந்துவிட்டால் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு எழுங்கள்.

முழங்காலுக்கு ஒரு நல்ல செய்தி: எடை ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் விழும் சுமை சுமார் 4 கிலோ குறையும். வீக்கமோ இரவில் வலியோ இருந்தால் எலும்பு மருத்துவரைப் பார்த்த பிறகே பயிற்சியைத் தொடங்குங்கள்.

கேள்வி: கடை அடைக்க இரவு பத்து மணியாகிவிடும். வீட்டுக்குப் போகும் வழியில் பரோட்டா. இதை எப்படி நிறுத்துவது?
— வாசகர், மதுரை

பதில்: மதியம் இரண்டுக்குச் சாப்பிட்டவர் இரவு பத்துக்குப் பரோட்டாக் கல்லின் சத்தம் கேட்டுக்கொண்டு கடையைக் கடந்து போக முடியாது, அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆறரை மணிக்குக் கடையிலேயே ஒரு டம்ளர் சுண்டலோ, இரண்டு அவித்த முட்டையோ சாப்பிட்டுவிடுங்கள். காலையில் வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிட வேண்டும். சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம் என்றால் அது பஜ்ஜியாகத்தான் முடியும். இரவு வீட்டில் மூன்று இட்லியும் சாம்பாரும் போதும். பரோட்டா அளவைப் பொறுத்து ஒன்றில் 200 முதல் 300 கலோரி இருக்கும். சால்னாவின் மேல் மிதக்கும் எண்ணெய் தனி. வாரம் ஒரு நாள் இரண்டு பரோட்டா, ஆஃப்பாயிலோடு நிறுத்துங்கள்.

கேள்வி: சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறேன். எடை குறைக்க இரவுச் சாப்பாட்டை விட்டுவிடலாமா?
— வாசகி, ஈரோடு

பதில்: நீங்களாக விடக் கூடாது. இந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். வயிறு காலியாக இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். உணவைக் குறைக்கப் போவதை முதலில் மருத்துவரிடம் சொன்னால் மாத்திரை அளவை மாற்றித் தருவார். இன்சுலின் போடுபவர்களுக்கும் இதுவே பதில்.

சர்க்கரையின் விளிம்பில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நடத்தி 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது, அதுவும் அவர்கள் எடை பெரிதாகக் குறையாமலே. எடைக்கருவி அசையாத மாதங்களிலும் உள்ளே வேலை நடக்கிறது.

கேள்வி: ஏழு மாதத்தில் 8 கிலோ குறைத்தேன். இப்போது ஆறு வாரமாக அதே எடை. இன்னும் சாப்பாட்டைக் குறைக்கட்டுமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உடனே வேண்டாம். எடை குறைந்த உடம்புக்கு அன்றாடச் செலவும் குறைவு. முன்பு பற்றாக்குறையாக இருந்த அதே சாப்பாடு இப்போது சரிக்குச் சரி ஆகியிருக்கும். ஆனால் அதற்கு முன் இன்னொன்றைப் பாருங்கள். ஏழு மாதத்தில் டம்ளர் அளவு கண்ணளவாக மாறியிருக்கும், எண்ணெய் டப்பா பாதியில் நிரப்பப்பட்டிருக்கும். ஒரு வாரம் பழையபடி எழுதி அளந்து பாருங்கள். மாதவிலக்குக்கு முந்தைய நாள்களில் நீர் சேர்ந்து ஒன்றிரண்டு கிலோ கூடுவதும் உண்டு. அதனால் சென்ற வாரத்தோடு ஒப்பிடாமல், சென்ற மாதச் சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். காலையில் கழிவறை போய்வந்து, எதுவும் சாப்பிடுவதற்கு முன், அதே கருவியில். அளவு சரியாக இருந்தும் நின்றிருந்தால் நடையில் 15 நிமிடம் கூட்டுங்கள். சாப்பாட்டை 1,200 கலோரிக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். இரண்டு மாதம் இதே எடையில் நிலைத்து நிற்பதும் தோல்வி அல்ல. களைப்பும் மலச்சிக்கலும் முடி உதிர்வும் சேர்ந்திருந்தால் தைராய்டு பரிசோதனை செய்துவிடுங்கள்.

கேள்வி: 12 வயது மகன் குண்டாக இருக்கிறான். அவனுக்கும் டயட் சொல்லுங்கள்.
— வாசகி, தாம்பரம்

பதில்: வளரும் பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது, எடையைச் சொல்லிக் கேலி பேசவும் கூடாது. எடை கூடாமல் உயரம் மட்டும் கூடினாலே ஒன்றிரண்டு ஆண்டில் பெருமளவு சரியாகிவிடும். வீட்டில் குளிர்பானமும் சிப்ஸும் வாங்கி வைக்காதீர்கள், அவனுக்கு மட்டும் அல்ல, எல்லோருக்கும்தான். தினமும் ஒரு மணி நேரம் ஓடி விளையாடட்டும். கழுத்துப் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்திருந்தால் அது அழுக்கு அல்ல, தேய்த்துக் கழுவவேண்டாம். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.