சின்னஞ்சிறு புரதங்களை வடிவமைத்து ஆராய்வது எதற்கு? இயற்கையில் இருப்பவை போதாதா?

போதாது என்பதுதான் என் பதில். பெரிய புரதத்தில் ஒரு அமினோ அமிலத்தை, அதாவது புரதச் சங்கிலியின் ஒரு கண்ணியை, மாற்றினால், சுற்றியிருக்கும் நூற்றுக்கணக்கானவை அதைப் பெரும்பாலும் சமாளித்துவிடும். எது எதைத் தாங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். சின்னப் புரதத்தில் ஒவ்வொன்றின் பங்கும் பளிச்சென்று தெரியும்.

முதுகலை படிக்கும்போது என்னை இந்தத் துறைக்கு இழுத்தது டிரிப்-கேஜ் என்ற குட்டிப் புரதம். கீலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் எச்சிலில் எக்ஸென்டின்-4 என்று ஒரு பெப்டைடு, அதாவது குட்டையான அமினோ அமிலச் சங்கிலி, உண்டு. 39 அமினோ அமிலங்கள். (சர்க்கரை நோய்க்குப் போடும் எக்ஸெனடைடு ஊசி மருந்து இதன் செயற்கை வடிவம்தான்.) அதை வெட்டிக் குறைத்து, சில இடங்களை மாற்றி, வெறும் 20 அமினோ அமிலங்களில் மடங்கும் புரதமாக ஆக்கியது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் ஆண்டர்சன் குழு. 2002-இல் வெளிவந்தது. ஆறாவது இடத்தில் இருக்கும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை ஒரு டைரோசினும் சில புரோலின்களும் நெருக்கிச் சூழ்ந்து தண்ணீர் படாமல் காக்கின்றன. உள்ளகம் என்று சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

இது சுமார் 42 டிகிரி செல்சியஸிலேயே பாதி அவிழ்ந்துவிடும். ஆராய்ச்சிக்கு அதுவே வசதி. புரதம் ஒளியை உறிஞ்சும் விதத்தை வைத்து அதன் வடிவத்தைக் காட்டும் சிடி (circular dichroism) கருவியில் மெல்லச் சூடேற்றி, 222 நானோமீட்டர் ஒளியில் புரதத்தின் சுருள் பகுதியின் அடையாளம் மங்குவதைப் பார்த்தால், ஒரே ஒரு மாற்றம்கூட உருகுநிலையை (பாதி அவிழும் வெப்பநிலையை) எவ்வளவு நகர்த்துகிறது என்று அளந்துவிடலாம்.

எனக்குப் பிடித்த உதாரணம் பத்தாவது இடத்து கிளைசின். அங்கே சங்கிலி திரும்பும் கோணம், 1963-இல் சென்னையில் ஜி.என். ராமச்சந்திரனும் சகாக்களும் வெளியிட்ட, சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் வரைபடத்தில் மற்ற அமினோ அமிலங்கள் அதிகம் போகாத வலப்பக்கத்தில் விழுகிறது. பக்கக்கிளை இல்லாத கிளைசினுக்கு அது சுலபம். ஆனால் அவிழ்ந்த நிலையில் அது இஷ்டத்துக்கு நெளியும், அதை அடக்கி மடிக்க ஆற்றல் செலவாகிறது. அந்த இடத்தில் அலனைன் என்ற அமினோ அமிலத்தின் கண்ணாடிப் பிம்பமான டி-அலனைனை வைத்தார்கள். அதே கோணம், நெளிவு மட்டும் குறைவு. புரதம் கூடுதல் சூட்டைத் தாங்கியது! வரைபடத்தில் படித்த விதி வெப்பமானியில் டிகிரியாகத் தெரிவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம், வடிவமைப்பு என்பது நம் புரிதலுக்கு வைக்கும் பரீட்சையும்தான். 2017-இல் புரத வடிவமைப்பு விஞ்ஞானி டேவிட் பேக்கரின் குழு 40 அமினோ அமிலம் அளவுள்ள குட்டிப் புரதங்களை ஆயிரக்கணக்கில் வடிவமைத்துச் சோதித்தது. முதல் சுற்றில் 6 சதவீதம் மட்டுமே நிலைத்தன. தோற்றவற்றை அலசி, தண்ணீரை வெறுக்கும் பகுதிகளை உள்ளே இன்னும் அதிகமாகப் புதைத்து, நான்காவது சுற்றில் 47 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். அத்தனை தோல்விகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வாய்ப்பை இயற்கைப் புரதங்கள் தருவதில்லை, அவை ஏற்கெனவே தேறி வந்தவை.

ஆரம்பிக்க நினைத்தால், புரதத் தரவு வங்கியில் 1எல்2ஒய் (1L2Y) என்ற எண்ணில் டிரிப்-கேஜ் அமைப்பு இலவசமாகக் கிடைக்கும். திருப்பித் திருப்பிப் பாருங்கள்.