காலியாகத் தொங்கும் கொக்கி

கேள்வி: எங்கள் பள்ளியின் சத்துணவு உதவியாளர், கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கட்டி முடித்து, அடுத்த மாதம் பால் காய்ச்சுகிறார். ஆசிரியர்கள் 11 பேர், ஆளுக்கு ரூ.600 போட்டுப் பரிசளிக்க இருக்கிறோம். எங்கள் பெயர்கள் பொறித்த பெரிய சுவர்க்கடிகாரமா, நான்கடிக் குத்துவிளக்கா என்பதில் கருத்து வேறுபாடு. எது பார்க்க நன்றாக இருக்கும்?
– ஆசிரியை ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்கிறீர்கள், யார் பார்க்க என்பதைச் சொல்லவில்லை. அந்த வீட்டின் பரப்பு 360 சதுர அடி. நான்கடிக் குத்துவிளக்கை அதில் நிறுத்தினால், இரவில் பாய் விரிக்கும்போது யாராவது அதைத் தூக்கி அடுப்படிக்குக் கொண்டுபோக வேண்டும். கடிகாரம் எப்படியும் நான்கைந்து வந்து சேரும். உங்களுடையது பெரியது என்பதால் ஆணியும் பெரியதாகத் தேவைப்படும், அவ்வளவுதான் வித்தியாசம். அதில் 11 பெயர்களையும் பொறித்துவிட்டால், வேறொரு விசேஷத்துக்குக் கைமாற்றிக் கொடுக்கும் வசதியும் அவருக்கு இல்லாமல் போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு புதுமனைக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில் மூன்று கடிகாரங்கள் மூன்று நேரம் காட்டின; மீதி இரண்டு, பெட்டி பிரிக்காமல் பரணில் இருந்தன. கான்கிரீட் போடும்போதே மின்விசிறிக்காக வைத்த கொக்கி கூரையில் காலியாகத் தொங்கியது. அதன் அருகே நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனைகளில் கறுப்பு நாடா சுற்றியிருந்தார்கள். கீழே, 2011-க்குப் பிறகு அரசு விலையில்லாமல் வழங்கிய மேசை விசிறி ஒன்று, பழைய வீட்டிலிருந்து வந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் ஒரு பக்கமாகவே காற்றுவிட்டுக்கொண்டிருந்தது. குடிதண்ணீர் நிரம்பியிருந்தவை காலி பெயின்ட் வாளிகள். வந்தவர்கள் யாரும் கஞ்சத்தனம் செய்யவில்லை. ஐந்து கடிகாரத்துக்கான பணம் அந்தக் கொக்கிக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவே.

அரசு தரும் ரூ.3.50 லட்சம், வேலை முன்னேற முன்னேறத் தவணையாகத்தான் வரும். கொத்தனார் கூலியும் கம்பி விலையும் அதற்காகக் காத்திருப்பதில்லை என்பதால், நகையை அடகு வைத்தோ, குழுக்கடன் வாங்கியோதான் பலர் கூரைவரை வந்து சேர்கிறார்கள். பால் காய்ச்சும் நாளில் வீடு புதிதாக இருக்கும், கையிருப்பு துடைத்துவிட்டதுபோல் இருக்கும். ஆகவே பரிசு எதுவானாலும் விழாவுக்குப் பத்து நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். கம்பியிழுக்கும் மின்பணியாளர் அங்கே இருக்கும்போதே மாட்டிவிட்டால், அதற்குத் தனியாக ஒருமுறை அவரைக் கூப்பிட்டுக் கூலி கொடுக்க வேண்டியிராது.

உங்கள் ரூ.6,600-க்கு, மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி வகை மின்விசிறிகள் இரண்டு வாங்கலாம். சாதாரண மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். இது 30 வாட் அளவில் நின்றுவிடும். சாதாரண விசிறிகள் இரண்டை நாளுக்கு 12 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 108 யூனிட் ஆகிறது. 2016 முதல் வீடுகளுக்குக் கட்டணமின்றிக் கிடைத்துவரும் 100 யூனிட்டை விசிறிகளே விழுங்கிவிடும். இவையோ 43 யூனிட்டோடு நிற்கும். ரசீதை அவர் பெயரிலேயே போடச் சொல்லி, உத்தரவாத அட்டையோடு சேர்த்துக் கொடுங்கள். பழுதானால் அவர் உங்களைத் தேடி வர வேண்டாம்.

விசிறிகள் ஏற்கெனவே இருந்தால்? கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் ஆசிரியர் அறைக்கு அழைத்து, எல்லார் முன்னிலையிலும் “என்ன வேண்டும்?” என்று கேட்டால், “ஒண்ணும் வேணாம் டீச்சர், நீங்க எல்லாரும் வந்தாலே போதும்” என்பதைத் தவிர வேறு பதில் வராது. அவரோடு நெருக்கமாகப் பழகும் ஒருவர் சமையற்கூடத்துக்குப் போய், “அக்கா, ஃபேன் மாட்டியாச்சா? தண்ணி பிடிக்க டிரம் வாங்கிட்டீங்களா?” என்று பேச்சுவாக்கில் கேட்கட்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கவில்லை என்று அவர் சொன்னால் தாழ்ப்பாள்தான் பரிசு. பணமாகவே தேவை என்று தெரிந்தால், உறையில் போட்டு முன்கூட்டியே கொடுங்கள். மொய் நோட்டில் மட்டும் எழுத வைக்காதீர்கள். 11 பேர் பெயரில் எழுதினால், உங்கள் வீட்டுக் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் ஒவ்வொன்றுக்கும் அவர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துக் கடன் தேட வேண்டிவரும்.

விசிறியைத் தலைமையாசிரியர் கையால் வழங்கி, படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். விழாவன்று 11 பேரும் போங்கள். ஒரு வாய் காபியோடு, “அவசர வேலை இருக்கிறது” என்று எழுந்துவிடாதீர்கள். உங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் சோறு பரிமாறுகிறவர் அவர். அன்று அவர் வீட்டுப் பந்தியில் நீங்கள் இலைமுன் உட்கார்ந்தீர்களா, எழுந்துபோனீர்களா என்பதை அந்தத் தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்.