எரு கொட்டியும் புல் வெளுக்கிறதே, ஏன்?

கேள்வி: ஐந்து கலப்பின மாடுகள் வைத்திருக்கிறேன். 50 சென்ட்டில் கோ-4 (கம்பு நேப்பியர் ஒட்டுத் தீவனப்புல்) போட்டு மூன்றாவது வருஷம். அறுப்புக்கு அறுப்பு விளைச்சல் குறைகிறது, புல் வெளுத்து நிற்கிறது. சாணத்தைக் கொட்டகைக்குப் பின்னால் குவித்து, அவ்வப்போது வயலுக்கு அடிக்கிறேன். இன்னும் கூட்டலாமா?

பதில்: கூட்டிப் பயனில்லை. உங்கள் சத்து வயலுக்கு வருமுன்பே கொட்டகையில் தொலைந்துவிடுகிறது. மாடு கழிக்கும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) ஏறக்குறைய பாதியும், சாம்பல் சத்தில் (பொட்டாஷ்) பெரும்பங்கும் மூத்திரத்தில்தான் இருக்கின்றன. அதைக் கழுவிச் சாக்கடையில் விட்டுவிட்டு, சாணத்தை மட்டும் வயலுக்குக் கொண்டுபோகிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். கோ-4 புல்லுக்கு ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் எக்டருக்கு 75 கிலோ தழைச்சத்து தேவை. 50 சென்ட்டுக்கு அது 15 கிலோ, அதாவது 32 கிலோ யூரியா. ஐந்து மாடுகள் நாளுக்கு 40 லிட்டர் மூத்திரம் கழித்தால், ஒரு அறுப்புக்கான 45 நாளில் கிட்டத்தட்ட அதே அளவு தழைச்சத்து வந்துவிடும். பாதி ஆவியாகிப் போனாலும் யூரியா மூட்டைச் செலவில் பாதி மிச்சம்.

கொட்டகைத் தரையை ஐந்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டமாக வைத்து, முடிவில் மூடிய தொட்டி கட்டுங்கள். தொட்டித் தண்ணீரைத் தேக்கி வைக்காமல், பத்து மடங்கு பாசன நீரோடு கலந்து, அறுத்தபின் மறுபடி துளிர்க்கும் புல்லுக்கு (மறுதாம்பு) வாய்க்காலில் விடுங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால், உங்கள் தழைச்சத்து காற்றில் போகிறது என்று பொருள். பினாயில், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய தண்ணீர் இதில் சேரக்கூடாது.

தொட்டி கட்ட வசதியில்லையா? மாட்டுக்கு அடியில் காய்ந்த சருகு, மீந்த தட்டை பரப்பினால் மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் காலை அதைச் சாணத்தோடு அள்ளிக் குழியில் போடுங்கள். குழி 20 அடி நீளம், 5 அடி அகலம், 3 அடி ஆழம். மழைநீர் இறங்காத மேட்டில் வெட்டுங்கள். குழி முழுவதும் பரப்பாமல், ஒரு முனையிலிருந்து மூன்றடி மூன்றடியாக நிரப்பி, தரைக்கு மேல் ஒன்றரை அடி உயர்ந்ததும் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசிவிடுங்கள். நான்கைந்து மாதத்தில் மக்கிவிடும். குழி நிரம்பும்போது சூப்பர் பாஸ்பேட் தூவினால் அம்மோனியா இழப்பும் குறையும், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கூடும்.

மக்காத எருவை வயலில் போடாதீர்கள். அது மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் வெளுப்புக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். கையில் பிழிந்தால் உதிர வேண்டும், சாண வாடை அடிக்கக் கூடாது.

வெளுப்பிலும் வகை உண்டு. அடி இலையின் நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியாக மஞ்சள் இறங்கினால் தழைச்சத்துக் குறை. ஓரம் மட்டும் கருகினால் பொட்டாஷ் குறை. பொட்டாஷ் உரம் 50 சென்ட்டுக்கு வருஷம் 13 கிலோ போதும், ஆனாலும் மண் பரிசோதனை முடிவு பார்த்து முடிவு செய்யுங்கள். மாதிரி எடுக்கும்போது எருக்குவியல், வரப்பு, மரநிழல் பக்கம் போகாமல், 'வி' வடிவக் குழி வெட்டி, ஆறு அங்குல ஆழம் வரை சீவியெடுங்கள்.

யூரியா போட்டால் ஈரமண்ணில் போடுங்கள். போட்ட சில நாளிலேயே அவசரப்பட்டு அறுக்க வேண்டாம், புல்லில் சேர்ந்திருக்கும் நைட்ரேட் மாட்டுக்கு ஆபத்து.

தூரின் நடு பட்டுப்போய் வளையமாக நின்றால் எந்த உரமும் எடுபடாது. பாதி நிலத்தில் மட்டும் தூரைப் பிடுங்கி, 25 சென்ட்டுக்கு 5 கிலோ தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரப்பயிர்) விதைத்து, 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிட்டுப் புதுக் கரணை (புல்தண்டுத் துண்டு) நடுங்கள். அது அறுப்புக்கு வந்தபிறகு மீதிப் பாதியைத் தொடுங்கள்.